எந்தப் பழமை நம்முடையது?
தமிழ்க் கிறிஸ்தவ இசைவாணர் தேடிய வேர்கள்: ஒரு மதிப்பீடு

விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்துக்குள் சம்பந்தர் பதிகம் பெற்ற தலங்கள் மூன்று இருக்கின்றன: திருவக்கரை, இன்று ஒழிந்தியாம்பட்டு என்று வழங்கும் திருஅரசிலி, இரும்பை மாகாளம். கிழக்கே கழுவேலியைத் தாண்டினால் உப்பளம் விரிந்துகிடக்கும் மரக்காணம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணந்தான் என்பது அறிஞர் பலருடைய துணிபு. அந்நூல் சொல்லும் கிடங்கில் என்ற ஊர் இன்றைய திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நாடிச் சிறிய யாழோடு போகும் பாணனுக்கு, இந்தக் கரையில் பரதவர் பழந்தேறலும் சுட்ட உலர்மீனும் தருவார்கள் என்று ஆற்றுப்படை வழி சொல்கிறது.  

இதே நிலத்தின்மேல் 18ஆம் நூற்றாண்டிலிருந்து புதுச்சேரி மிஷனின் கத்தோலிக்கமும், பிறகு திண்டிவனம் பக்கம் அமெரிக்க ஆற்காடு மிஷனின் சீர்திருத்தச் சபையும் படிந்தன. இங்கே பிறந்த ஒரு கிறிஸ்தவர் பாட்டுக் கட்ட உட்கார்ந்தால் எந்தப் பழைய இசையைத் தன் பாட்டன் சொத்து என்று எடுப்பார்? இரும்பை மாகாளத்துப் பண்ணையா, பிரெஞ்சுச் சாமியார்கள் கொண்டுவந்த லத்தீன் ஓதலையா, தவக்காலப் புலம்பலையா, தஞ்சாவூர்க் கீர்த்தனையையா, சேரியின் பறையையா? முந்நூறு ஆண்டுகளாகத் தமிழ்க் கிறிஸ்தவர் இதற்கு விடை சொல்லி வருகிறார்கள். விடைகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. முட்டல் எங்கே, ஏன் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

ஐரோப்பாவும் இதே கேள்வியும்

இதை ஆசிய, ஆப்பிரிக்கச் சபைகளுக்கு மட்டுமான கேள்வியாக நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. ஐரோப்பியக் கிறிஸ்தவரும் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தங்கள் பழமையைத் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1582-இல் அச்சான ‘பியே கன்சியோனஸ்’ என்ற லத்தீன் பாடல் தொகுதியின் பிரதி ஒன்று இங்கிலாந்தில் ஜான் மேசன் நீல் கைக்கு வந்தது. அவரும் தாமஸ் ஹெல்மோரும் அதன் மெட்டுகளுக்குப் புதிய ஆங்கிலச் சொற்களை இட்டு 1853-இல் வெளியிட்டார்கள். இன்று கிறிஸ்துமஸ் தோறும் கேட்கும் சில ‘பழங்கால’ மெட்டுகள் இப்படி வந்தவை. 1906-இல் வெளிவந்த ஆங்கிலப் பாமாலைத் தொகுப்புக்கு இசை பதிப்பித்த ரால்ஃப் வான் வில்லியம்ஸ் நாட்டுப்புறத்தார் பாடிய காதல் பாட்டு, கதைப்பாட்டு மெட்டுகளைத் தேவாலயத்துக்குள் கொண்டுவந்தார்.

இந்த மரபின் பிந்தைய கிளை அமெரிக்காவில் முளைத்தது. நாட்டுப்புற ராக் குழுவொன்றில் முன்பு இருந்த ஜான் மைக்கேல் டால்பட் 1978-இல் கத்தோலிக்கராகி, பிரான்சிஸ்கன் துறவு நெறியைத் தழுவி, கிதாரோடு இடைக்கால ஓதலின் சாயலில் பாடத் தொடங்கினார். பிரிட்டனில் 1989-இல் உருவான அயோனா குழு, அயர்லாந்து ஸ்காட்லாந்துக் குழலையும் யாழ்வகைகளையும் ராக் இசையோடு சேர்த்து, பழைய கெல்டிக் துறவிகளின் உலகத்தைப் பாடுபொருளாக்கியது.

இவர்களுடைய ‘பழமை’ எவ்வளவு பழையது? ஸ்லேன் என்ற மெட்டைப் பாருங்கள். கெல்டிக் கிறிஸ்தவத்தின் தொன்மைக் குரல் என்று பலரும் அதையே காட்டுவார்கள். அதனோடு இன்று பாடப்படும் சொற்களின் மூலம் பழைய ஐரிஷ் மொழியில் இருக்கிறது என்பது சரி. ஆனால் அது ஆங்கில உரைநடையானது 1905-இல், செய்யுளானது 1912-இல். மெட்டோ, பி. டபிள்யூ. ஜாய்ஸ் 1909-இல் வெளியிட்ட ஐரிஷ் நாட்டுப்பாடல் தொகுப்பில் இருந்த காதல் பாட்டினுடையது. இரண்டும் ஒரே பக்கத்தில் சேர்ந்தது 1919-இல். துண்டு துண்டாகப் பார்த்தால் எல்லாம் பழையவை. சேர்க்கை மட்டும் முதல் உலகப்போர் முடிந்த பிறகு நடந்தது. நம் பக்கத்துக் கதையைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜெர்மன் மெட்டுக்குத் தமிழ்ச் சொல்

முதல் விடை தரங்கம்பாடியிலிருந்து வந்தது. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்குவும் புளுட்சோவும் லூத்தரன் சபையின் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கி, அதே மெட்டில் பாட வைத்தார்கள். சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் ஊழியம் செய்த பப்ரிசியுஸ் (1711–1791) இந்த வேலையைச் செம்மையாக்கினார். ஞானப்பாட்டு, பாமாலை என்று சபைக்குச் சபை பெயர் மாறும் மரபு இது. இதன் பின்னிருந்த கருத்து எளியது: திருச்சபை ஒன்று, அதன் பாட்டும் ஒன்று, ஜெர்மனியின் ஹாலேயில் பாடுவதைத் தரங்கம்பாடியிலும் பாட வேண்டும்.

மொழிக்கும் மெட்டுக்கும் ஒட்டவில்லை என்பதே இதன்மேல் வழக்கமாக வரும் குறை. ‘வரம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முதலெழுத்து குறில். ஜெர்மன் மெட்டில் அது அழுத்தமான நீண்ட சுரத்தின்மேல் விழுந்தால் சபை பாடுவது ‘வாரம்’. கடவுளிடம் வரம் கேட்கப் போனவர்கள் ஒரு கிழமையைக் கேட்டு நிற்கிறார்கள். ‘மனம்’ இப்படித்தான் ‘மானம்’ ஆகும். ‘பலன்’ ‘பாலன்’ ஆகும். மாத்திரையின்மேல் நிற்கும் செய்யுள் மரபுக்கும் அசையழுத்தத்தின்மேல் நிற்கும் மெட்டுக்கும் உள்ள பகை இது. ஐரோப்பியப் பாட்டுக்கு அடியின் கடைசியில் இயைபு வேண்டும். தமிழ்ச் செவி அடியின் இரண்டாம் எழுத்தில் எதுகையைத் தேடும்.

குறை நியாயமானதே. ஆனால் முழுமையானதல்ல. கீர்த்தனையிலும் குறிலை இழுக்கிறார்கள். சங்கதி போடும்போது அர்த்தம் அறுந்துபோவது கச்சேரி மேடையில் அன்றாடம் நடப்பது. தவிர, ஏழெட்டுத் தலைமுறை பாடிய பிறகு அந்த ஜெர்மன் மெட்டு இங்குள்ளவர்களுக்கு அந்நியமாகப் படுவதில்லை. ஞாயிறு ஆராதனை நடுவில் பாமாலையை நிறுத்திவிட்டால் முதலில் சண்டைக்கு வருபவர்கள் வயதான தமிழர்களாகவே இருப்பார்கள். இதைக் காலனிய மயக்கம் என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது ஆய்வுக்கு அழகல்ல.

தஞ்சாவூர், 1800

இரண்டாவது விடையின் உரிமையாளர் வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். தகப்பனார் தேவசகாயமும் கவி பாடியவர். சிறுவனைத் தஞ்சாவூருக்கு அழைத்துவந்து வளர்த்தவர் மிஷனரி சுவார்ட்ஸ். அவரிடமே பாடம் கேட்ட இன்னொரு மாணவர் பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜி. ஒருவர் அரண்மனைக்கும் ஒருவர் மிஷன் பள்ளிக்கும் போனார்கள், நட்பு நீடித்தது.

சாஸ்திரியாரின் ‘பெத்லகேம் குறவஞ்சி’ 1800-இல் பாடப்பட்டது. குறவஞ்சியின் சட்டகம் அப்படியே இருக்கிறது: உலா வரும் தலைவன், அவன்மேல் காதல் கொள்ளும் தலைவி, குறி சொல்ல வரும் குறத்தி. ஆனால் இங்கே தலைவன் கிறிஸ்து, தலைவி தேவமோகினி, குறத்தியோ விசுவாசமே உருவெடுத்து வந்தவள். குறவஞ்சியில் நாடு நகரம் பாடும் இடத்தில் இவர் கோபர்னிகஸ் முறை வானியலையும் உலகப் பூகோளத்தையும் நுழைத்துவிடுகிறார். தரங்கம்பாடியிலும் அவர் படித்திருந்தார்; அந்தப் பள்ளிப் படிப்பு அப்படி வேலை செய்தது. குறவஞ்சி, நாடகம், உலா, கும்மி, மாலை என்று அவர் கையாண்ட வடிவங்கள் எல்லாம் அன்றைக்குத் தெருவிலும் கோயிலிலும் உயிரோடிருந்தவை. சரபோஜியைப் பாட்டுடைத் தலைவனாக்கிக் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் குறவஞ்சி எழுதிய காலமும் இதுவே. ஆக, சாஸ்திரியார் பழமையைத் தேடிப் போகவில்லை. சுற்றி இருந்ததை எடுத்தாண்டார். ‘பழைய தமிழ் மரபை மீட்டவர்’ என்று பின்னால் வந்தவர்கள் அவருக்குக் கொடுத்த பட்டம் இதனால் கொஞ்சம் பொருந்தாமல் நிற்கிறது.

இங்கே ஒரு குறுக்குச் சந்திப்பைச் சொல்லியாக வேண்டும். சாஸ்திரியாரைவிட ஒரு வயது இளையவர் முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835). இளமையில் சென்னைக்கருகே மணலியில் இருந்தபோது கம்பெனிக் கோட்டையின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார் என்பது மரபுச் செய்தி. நோட்டுஸ்வர சாகித்தியம் என்று பெயர். அவற்றில் ‘வந்தே மீனாட்சி’ ஐரிஷ் நடன மெட்டான ‘ரேக்ஸ் ஆஃப் மல்லோ’. ‘ஜகதீச குருகுஹ’ ஸ்காட்லாந்தின் ‘லார்டு மெக்டொனால்ட்ஸ் ரீல்’. கெல்டிக் மெட்டைத் தமிழ்நாட்டில் பக்திப் பாட்டாக்கிய முதல்வர்களுள் ஒருவர் கிறிஸ்தவரல்லர்; ஸ்ரீவித்யா உபாசகரான ஸ்மார்த்த பிராமணர். அதே தலைமுறையில் லூத்தரன் சபைக் கவிஞர் குறத்தியையும் அவள் கணவன் சிங்கனையும் கட்டிக்கொண்டு அழுதார். எந்த இசை யாருடையது என்று கோடு கிழிக்க வருபவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சாஸ்திரியார் வழியின் பலவீனம் இசையில் இல்லை, சமூகத்தில் இருக்கிறது. 1820களில் வந்த புதிய தலைமுறை மிஷனரிகள் சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து நீக்கத் துணிந்தார்கள். கூடவே பூ, மேளம், தமிழ்ப் பாட்டு ஆகியவற்றின்மேலும் கை வைத்தார்கள். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பையும் திருத்தினார்கள். சாஸ்திரியார் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து எதிர்த்தார். மிஷன் வேலை போயிற்று. பாட்டை அவர் காத்தது நியாயம். சாதி வரிசையையும் அதே மூச்சில் காத்ததுதான் இடிக்கிறது. அவர் ‘நம் வழக்கம்’ என்று சொன்னதில் எவ்வளவு தமிழ் வழக்கம், எவ்வளவு வேளாளர் வழக்கம் என்பதை இந்திரா பீட்டர்சன் முதலிய ஆய்வாளர்கள் எழுதிய பிறகு தட்டிக்கழிக்க முடியாது.

கீர்த்தனை என்னும் ஏற்பாடு

மூன்றாவது நிலைப்பாடு சமரசம். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், சாஸ்திரியார் பாடல்களை முதன்மையாகக் கொண்டு 1853-இல் கிறிஸ்தவக் கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டார். நீலும் ஹெல்மோரும் லத்தீன் மெட்டுகளை வெளியிட்ட அதே ஆண்டு. ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் சபைப் பாட்டு தேய்ந்துபோயிற்று, அதற்கு வெளியே கிடக்கும் மெட்டால் உயிர் கொடுக்கலாம் என்ற நினைப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இதன் பிறகு ‘பாமாலையும் கீர்த்தனையும்’ என்ற இரட்டை ஏற்பாடு நிலைபெற்றது. ஆராதனை ஒழுங்குக்குள் பாமாலை. பிரசங்கத்துக்கு முன்னும், வீட்டு ஜெபக் கூட்டத்திலும், பஜனையிலும் கீர்த்தனை. ஈரோட்டில் பணிபுரிந்த எச். ஏ. பாப்ளி கர்நாடக இசை பயின்று, கதாகாலட்சேப முறையில் நற்செய்தி சொல்லும் பழக்கத்தை வளர்த்தார். எல். ஐ. ஸ்டீபனோடு சேர்ந்து 1914-இல் அதற்கொரு கையேடும், 1921-இல் இந்திய இசை பற்றித் தனி நூலும் வெளியிட்டார். சபைக்கு வெளியே மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை 1878-இல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ வெளியிட்டார். கத்தோலிக்கரான அவர் பாட்டில் எந்தத் தெய்வத்தின் பெயரும் நிற்காது. அதனாலேயே கச்சேரி மேடை அவரை ஏற்றுக்கொண்டது.

கீர்த்தனைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தால் இந்த ஏற்பாட்டின் குறை கண்ணில் படும். மேலே எண். அடுத்து இராகம், தாளம். பிறகு பல்லவி, அனுபல்லவி, சரணங்கள். சுரம் கிடையாது. பாமாலையின் பக்கத்திலோ மெட்டின் பெயரும் அசைக்கணக்கும் உண்டு. ஆர்கன் வாசிப்பவரிடம் சுரத்தோடு தனிப் புத்தகமும் இருக்கும். மேல்நாட்டு மெட்டு காகிதத்தில் காப்பாற்றப்பட்டது. உள்நாட்டு மெட்டு வாயை நம்பி விடப்பட்டது. இதில் ஒரு முரண் இருக்கிறது. தியாகராஜர் முதலியோரின் கிருதிகளை மேல்நாட்டு இசைக்குறியில் எழுதி 1892 முதல் வெளியிட்டவர் ஏ. எம். சின்னசாமி முதலியார். அவர் கிறிஸ்தவர். எட்டயபுரத்து இசையறிஞர் சுப்பராம தீட்சிதரைத் தம்மிடமிருந்த இசைச் செல்வத்தை எல்லாம் நூலாக்கும்படி தூண்டியவர்களில் ஒருவரும் அவர்தான். 1904-இல் எட்டயபுரத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சேறியதன் பின்னால் அவர் உழைப்பு இருக்கிறது. அடுத்த வீட்டு மெட்டுக்கு இவ்வளவு பாடுபட்ட சமூகத்தில், சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியை எந்த மெட்டில் பாடினார் என்பதற்கு இராகப் பெயரைத் தாண்டிக் கையில் பிடிக்க அதிகம் இல்லை.

பண்டிதரின் வட்டம்

நான்காவது விடை எல்லாவற்றுக்கும் பின்னால் போகிறது. ஆபிரகாம் பண்டிதர் 1859-இல் சாம்பவர் வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று ஆசிரியராக இருந்தார். அங்கேதான் இசை பயின்றார். சித்த மருத்துவத்தில் பேரெடுத்துத் தஞ்சாவூரில் குடியேறினார். மருந்து விற்ற பணம் இசைக்குப் போயிற்று. 1907-இல் ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ வந்தது: இசை பயிலும் மாணவர்க்குத் தமிழிலேயே உருப்படிகள். 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் அமைத்துத் தம் செலவில் மாநாடுகள் கூட்டினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில், தம் குடும்பத்துப் பெண்களை வீணையோடு மேடையேற்றித் தம் சுருதிக் கொள்கையை மெய்ப்பிக்க முயன்றார். ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட ‘கருணாமிர்த சாகரம்’ 1917-இல் வெளியாயிற்று. 1919-இல் காலமானார்.

அவர் வாதத்தின் மையம் ஒரு வட்டம். பன்னிரண்டு இராசி வீடுகள். அவற்றில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு சுரங்கள். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் பெண்கள் வட்டமாக நிற்பதையும் உரைகாரர் குறிப்புகளையும் கொண்டு அவர் இதைக் கட்டினார். குரலிலிருந்து இளிக்கு, அதாவது சட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போங்கள். அந்தப் பஞ்சமத்தையே புதிய சட்ஜமமாக வைத்து மறுபடி போங்கள். பன்னிரண்டு தடவை போனால் எல்லா வீட்டையும் தொட்டுவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும்.

கணக்கில் வராது. பஞ்சமத்தின் விகிதம் மூன்றுக்கு இரண்டு என்று வைத்துப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் 129.7-க்குக் கிட்ட வருகிறது. ஏழு ஸ்தாயி ஏறினால் வர வேண்டியதோ 128. வட்டம் மூடாமல் வாய் பிளந்து நிற்கிறது. கிரேக்கர் காலம் முதல் தெரிந்த சிக்கல் இது. பண்டிதர் துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார்: தவறு வட்டத்தில் இல்லை, விகிதத்தில்தான், பழந்தமிழர் ஸ்தாயியைச் சமமாகப் பங்கிட்டார்கள். ஆயப்பாலையில் பன்னிரண்டு, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96. சாரங்கதேவர் முதலியோர் சொன்ன 22 சுருதி பிழை.

துணிவைப் பாராட்டலாம்; முடிவை ஏற்பது கடினம். சமப்பங்கீடு என்பது பியானோ, ஆர்மோனியத்தின் வழி. அது சிலப்பதிகாரத்தில் இருந்தது என்று சொல்ல, பாட்டு வரிகளைவிட அவர் கணக்கே அதிகம் சாட்சியாக நிற்கிறது. மூழ்கிய குமரிக்கண்டத்தை இசை வரலாற்றின் தொடக்கமாக அவர் வைத்ததும் இன்று நிற்காது. ஆனால் கர்நாடக சங்கீதம் என்பதற்கு அடியில் தமிழ்ப் பண் இருக்கிறது, அதைச் சிலம்பின் உரையையும் தேவாரத்தையும் வைத்துத் தேட வேண்டும் என்ற திசையை அவரே அகலமாக வெட்டிக்கொடுத்தார். விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ (1947), சென்னைத் தமிழ் இசைச் சங்கம் (1943) ஆகிய பின்னாள் முயற்சிகளைப் பேசும் எவரும் அவரைத் தொட்டே வர வேண்டியிருக்கிறது.

ஒரு கிறிஸ்தவ இசைவாணராக அவரை எங்கே வைப்பது? டால்பட் போன்றவர்கள் இடைக்கால இசைக்குத் திரும்பியபோது திரும்பியது தங்கள் சபையின் பழைய வீட்டுக்கு. பண்டிதர் போன பழமையில் கிறிஸ்தவமே இல்லை. சமணத் துறவி எழுதிய காப்பியமும் சைவ நாயன்மாரின் பண்ணும் இருந்தன. அதையும் தம் முன்னோர் இசை என்று அவர் கூச்சமில்லாமல் எடுத்தார். மதத்தைவிட மொழி பழைய உறவு என்பது அவர் செயலில் உள்ளடங்கிய வாதம். தமிழிசை வரலாறு இதனால் அவரை முன்வரிசையில் உட்கார வைத்தது. சபைக்குள் அவர் பேச்சு அந்த அளவுக்கு அடிபடவில்லை என்றே தோன்றுகிறது. 24 சுருதியை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று சபைக்குத் தெரியவில்லை போலும்.

பறையின் மறுப்பு

ஐந்தாவது விடை மேலே சொன்ன எல்லாவற்றையும் கேள்விக்குள்ளாக்கியது. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005), பறட்டை என்ற பெயரில் பாடியவர், கீர்த்தனையை உள்நாட்டு இசை என்று கொண்டாடுவதை ஏற்கவில்லை. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவரில் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுக்குக் கர்நாடக இசை ஜெர்மன் மெட்டைப்போலவே மேலிருந்து வந்தது என்பது அவர் வாதம். கிராமிய மெட்டில் முழு ஆராதனை முறையையே அமைத்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் தின்னும் குடும்பம் என்ற படிமம் அவர் இறையியலின் நடுவில் இருந்தது. ஓதுவாரோ பாகவதரோ இல்லாமல் யாரும் மாற்றிப் பாடலாம் என்பதை நாட்டுப்புற இசையின் பெரிய நன்மையாகக் கண்டார். அமெரிக்க இசையியலாளர் ஜோய் ஷெரினியன் அவர் பணி பற்றி விரிவான நூல் எழுதியிருக்கிறார்.

இந்த வாதத்தின் வலு மறுக்க முடியாதது. சிக்கல் நடைமுறையில் எழுகிறது. பறை சாவு வீட்டுத் தொழிலாகத் திணிக்கப்பட்ட வாத்தியம். அதிலிருந்து விடுபடவே பலர் வேதத்தில் சேர்ந்தார்கள். அதைப் பலிபீடத்துக்கு முன்னால் கொண்டுவந்தபோது முகம் சுளித்தவர்களில் தலித் கிறிஸ்தவரும் இருந்தனர். இன்னொன்று: ‘மக்கள் இசை’ என்பதும் காலத்துக்குக் காலம் மாறும். இன்றைய கிராமத்து இளைஞருக்கு நாட்டுப்பாட்டின் தெம்மாங்கு பாதி சினிமா வழியாகவே வந்து சேர்கிறது. அப்பாவு இதை அறியாதவரல்லர். அவர் பாட்டுகளிலும் சினிமாச் சாயல் உண்டு.

கத்தோலிக்கக் கரை

இதுவரை பேசியது பெரும்பாலும் சீர்திருத்தச் சபைகளின் கதை. வானூர் மரக்காணம் பக்கத்துக்கு வந்தால் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. பிரெஞ்சு ஏசு சபையாரின் கர்நாடக மிஷன் 1776-இல் பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையின் கைக்கு வந்தது. அன்றிலிருந்து 1960கள் வரை இங்கே திருப்பலி லத்தீனில்தான். அதாவது, அமெரிக்காவின் டால்பட்டுக்குத் தேடிக் கிடைத்த இடைக்கால ஓதல், தென்னார்க்காட்டுக் கிராமத்துப் பாட்டிக்குச் சாவுப் பூசையில் தானாகக் காதில் விழுந்தது. தமிழ் அதன் பக்கவாட்டில் வளர்ந்தது: தேர்பவனிப் பாட்டு, மாதா பிரார்த்தனை, தவக்காலப் புலம்பல். வீரமாமுனிவர் ‘அன்னை அழுங்கல் அந்தாதி’ பாடினார். இலங்கையில் பணிபுரிந்த கொங்கணிக் குரு யாக்கோமே கொன்சால்வெஸின் ‘வியாகுலப் பிரசங்கம்’ தமிழ்க் கத்தோலிக்கரிடையே தவக்காலம் தோறும் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. ஒப்பாரிக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு (1963) உள்ளூர் இசை மரபுக்கு இடம் தரச் சொன்னது. லத்தீன் வெளியேறியது, 1977-இல் திருச்சியில் கலைக் காவிரி என்ற கலை நிறுவனம் தொடங்கியது. லத்தீன் மொழியோடு அதன் மெட்டும் ஒரே தலைமுறையில் நினைவிலிருந்து அழிந்தது. தமிழ்மயமாக்கத்தை வரவேற்பவர்கள்கூட இந்த இழப்பைக் கணக்கில் எழுத வேண்டும். இருநூறு ஆண்டு ஒரு ஊரில் பாடப்பட்டதை அந்த ஊர் மரபல்ல என்று சொல்வதற்கு எந்த அளவுகோலும் இல்லை.

எஞ்சி நிற்பவை

இந்த விடைகளில் எதுவும் மற்றவற்றை வீழ்த்தவில்லை. ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் ஒரு வகுப்பாரது இசையைப் பொறுக்கியெடுத்து ‘நம்முடையது’ என்று பெயரிட்டது. சபைகளோ வாதத்துக்குக் காத்திராமல் எல்லாவற்றையும் பாடின. எந்த வேர் தூயது என்ற கேள்வியை இனியும் நீட்டுவதில் பெரிய பயன் இருக்காது என்று நினைக்கிறேன். மெட்டுகள் எப்படி மாறின என்ற கேள்விக்கோ விடை காண வழியிருக்கிறது.

ஆனால் அந்த வழியும் எளிதல்ல. இரும்பை மாகாளத்துப் பதிகத்தின் பண் செவ்வழி. இன்றைய ஓதுவார்கள் செவ்வழியை யதுகுலகாம்போதியில் பாடுகிறார்கள். பண்கள் மறைந்துபோய்ச் சோழர் காலத்தில் திருஎருக்கத்தம்புலியூர்ப் பாணர் குலத்துப் பெண்ணொருத்தி வழியாக மீண்டன என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. தேவாரத்துக்கே இந்த நிலை என்றால், சுரம் எழுதாத கிறிஸ்தவக் கீர்த்தனைக்குச் சொல்ல வேண்டாம். திருநெல்வேலி, தஞ்சாவூர், யாழ்ப்பாணச் சபைகள் ஒரே சாஸ்திரியார் பாட்டை எத்தனை விதமாகப் பாடுகின்றன என்று பதிவு செய்து ஒப்பிட்டால் பொது அடிமெட்டு ஒன்று வெளிப்படலாம், வெளிப்படாமலும் போகலாம். பழைய கீர்த்தனைப் பதிப்புகளின் தலைப்பில் நிற்கும் இராகப் பெயர்கள் சாஸ்திரியார் இட்டவையா, சபை பாடக் கேட்டுப் பதிப்பாசிரியர் இட்டவையா என்பது அதற்கும் முன்னால் தீர்க்க வேண்டிய வழக்கு. தஞ்சாவூர்ச் சுவடிகளையும் அடுத்தடுத்த அச்சுப் பதிப்புகளையும் பாட்டுப் பாட்டாக ஒத்துப்பார்த்தால் அது தெரியவரும்.